சூடத்துக்குத் தெரியாத பாஷை

“...நல்லாத்தான் பேசுதீக ரெண்டு பேரும். கேக்கதுக்கு அவ்வளவு அழகா இருக்கு. ஆனா நான் கேட்டதுக்கு மட்டும் இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலையே,” என்றாள் அத்தை.

குற்றாலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஈரக் குடையை மடக்கிய கையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். வெளியே சாரல். ஓடு ஒழுகுகிற இடத்தில் வைத்த பித்தளை அண்டாவில் சொட்டுச் சொட்டாகச் சத்தம். ஒரு சுவரில் சாய்ந்து பெரியப்பா, எதிர்ச்சுவரில் சாய்ந்து அப்பா. இரண்டு பேருமே அவளுக்கு அண்ணன்மார். மறுநாள் காலையில் அவள் செங்கோட்டைக்குப் போய்க் கொல்லம் ரயில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அங்கே அவளுக்குக் கிடைத்திருந்த டைப்பிஸ்ட் வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும். போகட்டுமா, வேண்டாமா என்றுதான் அவள் கேட்டிருந்தாள். கேட்டு நாள் பல ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். நம் வயதில் ஒரு காரியத்தைச் சொல்லப் போனால் அதற்கு முந்தின காரியம் வந்து வழி மறித்துக்கொள்ளும். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னிடம் இருக்கிற இங்கிலீஷ் முழுவதும் அந்த ஒரு சீசனில் அத்தை வாயிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சீசன் என்றால் அருவி, எண்ணெய்க் குளியல், மங்குஸ்தான் பழம். எங்களுக்கு அது வீட்டைக் காலி செய்கிற காலம். ஆனி பிறந்து மேற்கே மலை கறுக்கும். காற்றில் நனைந்த பாறையின் வாசம் வரும். உடனே அம்மாவும் பெரியம்மாவும் முன்வீட்டுச் சாமான்களைப் பின்னால் கடத்த ஆரம்பித்துவிடுவார்கள். முன்பக்கத்து அறைகளெல்லாம் சீசனுக்கு வந்து தங்குகிறவர்களுக்கு. எங்கள் வீடு ஒரே கூரையில் இரண்டு வீடு. ஒரு பாதியில் பெரியப்பா குடும்பம், ஒரு பாதியில் நாங்கள். மற்ற மாதங்களில் நடுவே ஒரு சுவர் இருந்தது. சீசன் வந்தால் இரண்டு குடும்பமும் பாய் தலையணையோடு பின்கட்டு என்கிற அந்த ஒற்றை நீள அறைக்குள் வந்து விழுவோம். நடுச்சுவர் அதுவரைக்கும் வராது.

குழந்தைகளுக்கு அது திருவிழா. பெரியவர்களுக்குத்தான் சங்கடம். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை.

அதற்குக் காரணம் முந்தின தை மாதம் நடந்தது. பெரியப்பா செங்கோட்டைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. அவர் பழக்கத்தில் புளியங்குடியிலிருந்து அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. எலுமிச்சை கமிஷன் கடைக் குடும்பம். பெண் பார்த்து, பிடித்துப் போய், பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டேயிருந்தார். பரிமாறிக்கொண்டு வந்த அப்பாவுக்கு நாக்கு நிற்கவில்லை. அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருக்கிறவர். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேலி பேசிப் பழகின வாய். “மாப்பிள்ளை வாயைத் தொறந்து பேசுவாகளா, இல்ல எலுமிச்சங்காய் ஏலத்துக்கு மட்டும்தான் தொறப்பாகளா?” என்றார். வேறு யாராவது சிரித்திருந்தால் சரியாய்ப் போயிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் இலையை மடக்காமல் எழுந்தார். பின்னாலேயே எல்லாரும் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். பாதி இலையில் எழுந்து போனால் அதற்கு மேல் பேச ஒன்றும் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலமே சண்டை முற்றியது. “அவ வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேலே!” என்று பெரியப்பா. “ஊமையனைக் கொண்டுவந்து தள்ளிவிடப் பாத்தது யாரு?” என்று அப்பா. கடைசியில் இரண்டு பேரும் சாமி முன்னால் போய், சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். “இனி இவன்கூட ஒரு வார்த்தை பேசுனா என் நாக்கு அழுகிப் போகட்டும்.” ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் நல்ல ஒற்றுமை.

சூடம் அடித்த சத்தியம் லேசானதில்லை. ஆனால் ஒரே அறைக்குள் படுத்து எழுந்தால் பேசாமல் முடியுமா? அதற்கு நம் ஊரில் ஜாடை இருக்கிறது. பெரியப்பா கிணற்றுக் கயிற்றிடம் பேசுவார். “ஏ கயிறே, கிணத்து மூடியைத் தொறந்து போட்டுட்டுப் போறவனுக்கு அறிவு எங்க இருந்து வரும், நீயே சொல்லு.” அப்பா தொழுவத்துப் பக்கம் திரும்பிக்கொள்வார். “ஏட்டி கன்னுக்குட்டி, விடியக்காலம் கடைக்கு ஓடுதவனுக்கு மூடியைத் தேடிக்கிட்டு நிக்க நேரம் இருக்குமாட்டி?” முன்வீட்டில் தங்கியிருந்த மதுரைக்கார அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டு ஆம்பளைங்க கன்னுக்குட்டிகிட்டத்தான் பேசுவாங்களா?” என்று அம்மாவைக் கேட்டாள். “ஆமா, அதுதான எதுத்துப் பேசாது,” என்றாள் அம்மா.

இனி அத்தைக்கு வருகிறேன்.

தென்காசியில் கோயிலுக்கு அடுத்த தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் வேலை பார்த்தாள். கோபுரத்தைப் புதிதாகக் கட்டாத காலம் அது. இடிந்து பிளந்த மொட்டைக் கோபுரம்தான் நின்றது. ஆனால் கோயில் வாசல் காற்று அன்றைக்கும் இதே காற்றுதான். ஆளைப் பின்னாலிருந்து தள்ளும். அந்தக் காற்று இன்ஸ்டிட்யூட்டுக்குள்ளும் புகுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் காகிதத்தின் மேல் வைக்க ஒரு கூழாங்கல் இருக்கும். சிற்றாற்றில் பொறுக்கின கல். அத்தையுடையது கறுப்பு, நடுவே வெள்ளைக் கோடு ஓடும். இப்போது அந்தக் கல் எங்கே போயிற்றோ தெரியாது. அந்த மெஷின்களும் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

இன்ஸ்டிட்யூட் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் ஒரு ஆங்கிலத் தொடரும் அதன் அர்த்தமும் அதில் எழுத வேண்டும். எழுதுவது அத்தையின் வேலை. எடுத்துக் கொடுக்கிறவர் இன்ஸ்டிட்யூட் முதலாளி. அவர் கையிலிருந்த புத்தகத்தில் தொடர்களைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்திருந்தார்கள். கோபத்துக்கு இத்தனை, சந்தோஷத்துக்கு இத்தனை என்று. அந்த ஆனி மாதம் வந்து நின்ற தலைப்பு, பிரச்சினையைத் தீர்ப்பது.

அத்தைக்கு எதையும் சும்மா எழுதிவிட்டு வர முடியாது. காலையில் பலகையில் எழுதினதைச் சாயங்காலம் வீட்டில் பரீட்சை பார்ப்பாள்.

“மைனி, நிப் இன் தி பட். அப்படின்னா ஒரு பிரச்சினையை மொட்டுலேயே கிள்ளிரணுமாம்.”

அம்மா மடியில் பிச்சிப்பூ மொட்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். “மொட்டுல கிள்ளாம? விரிஞ்ச பூவையா பறிச்சிக் கட்டுவாக? சாயங்காலம் தலையில விரியதுக்குத்தான மொட்டாப் பறிக்கது? உங்க இங்கிலீஷ்காரன் பூவே கட்டுனதில்ல போல.”

இன்னொரு நாள் பெரியம்மாவிடம். “கெட் டு தி பாட்டம் ஆஃப் இட். விசயத்தோட அடிவரைக்கும் போயிப் பாக்கணுமாம், மைனி.”

பெரியம்மா கிணற்றடியில் நின்றாள். வாளி உள்ளே விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு நினைவிருக்கும், கொக்கி கொக்கியாக இரும்புப் பூ மாதிரி இருக்குமே, அது. “அடிவரைக்கும் போனா என்ன கிடைக்கும் தெரியுமா? நம்ம வாளி கிடைக்காது. போன வருசம் எவளோ போட்ட செம்புதான் கிடைக்கும்,” என்றாள். சொன்னபடியே அன்றைக்கு முதலில் ஒரு நசுங்கின செம்புதான் வந்தது. அது யாருடையது என்பதில் வேறு பேச்சு நீண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது, புட் அவர் ஹெட்ஸ் டுகெதர். தலைகளை ஒன்றாக வைத்து யோசிப்பது. அத்தை அதைச் சொல்லிக்கொண்டே விளையாட்டுக்கு என் நெற்றியில் தன் நெற்றியை முட்டினாள். உடனே பெரியம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: “ஏட்டி, ஒருக்க முட்டுனா கொம்பு முளைக்கும்! இன்னொருக்க முட்டிக்கோங்க!” முட்டிக்கொண்டோம். அத்தையின் நெற்றியில் குட்டிக்கூரா பவுடரும் மழைத் தண்ணீரும் கலந்த வாசம்.

மத்தியானம் லீவு நாளில் நான் குப்புறப் படுத்தால் என் முதுகில் அவள் டைப் அடிப்பாள். பத்து விரலும் மெத்து மெத்தென்று ஓடும். வரி முடிந்தால் தோளைப் பிடித்து ஒரு தள்ளு. மெஷினைத் தள்ளுகிற மாதிரி. “என்ன அடிச்சேன் சொல்லு?” என்பாள். எனக்கு எப்படித் தெரியும்? “ஐஸை உடைக்கது,” என்பேன். எதுவாயிருந்தாலும் அதையே சொல்வேன். “சரிதான்,” என்பாள்.

ஐஸை உடைக்கிறது என்றால், பேசாமல் இறுகிப் போய் இருக்கிறவர்களைப் பேச வைப்பது. பிரேக் தி ஐஸ். அதைப் பலகையில் எழுதின நாளில்தான் கொல்லத்து வேலையும் வந்தது.

கொல்லத்தில் முந்திரிக் கம்பெனி வைத்திருந்த ஒருவர் குடும்பத்தோடு சீசனுக்கு வந்திருந்தார். தம் ஆபீசுக்கு டைப்பிஸ்ட் வேண்டும் என்று இன்ஸ்டிட்யூட்டில் விசாரித்திருக்கிறார். முதலாளி அத்தையைக் காட்டினார். அவள் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “குட்டி வந்நோட்டே,” பிள்ளை வரட்டும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார். தங்குவதற்குக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதி. ஒன்றே ஒன்று, ஆனி முடிவதற்குள் வந்து சேர வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பமாட்டார்கள். ஆவணி வரை காத்திருக்கக் கம்பெனிக்காரரால் முடியாது.

அத்தை குதித்துக்கொண்டு வந்தாள். முதலில் அப்பாவிடம் கேட்டாள். அப்பா பழக்கூடைக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

“எனக்கென்னம்மா, அவரு சரின்னா எனக்கும் சரி.”

“அப்ப பெரியண்ணன்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“நானா? சூடம் அடிச்சிருக்கேன். அதோட நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, பாத்தியா, உன்னாலதான் அனுப்புனோம்னு நிப்பாரு. அவரு மொதல்ல சொல்லட்டும்.”

பெரியப்பாவிடம் போனாள். மூக்குப்பொடி மட்டையைத் தட்டிக்கொண்டே அவரும் அதையேதான் சொன்னார். “அவன் சம்மதிச்சானா? ஒருக்க உன் வாழ்க்கையை நான் கெடுத்தேன்னு சொன்னவன்லா அவன். இன்னொருக்க அந்தப் பேரு எனக்கு வேண்டாம். மொதல்ல அவன் சொல்லட்டும், பெறவு பாப்போம்.”

“ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்டச் சரின்னுதான சொல்லுதீக?”

“தனித்தனியாச் சொன்னா செல்லாதும்மா. கூட்டுக் கையெழுத்து வேணும்,” என்றார் பெரியப்பா, குமாஸ்தா.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டியதுதானே என்று மதுரைக்கார அம்மாள் கேட்டாள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் என்ன களவாணியா, சொல்லாமப் போகதுக்கு? ரெண்டு அண்ணனும் வழியனுப்பித்தான் போவேன்.”

இந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது போய் உட்கார்ந்தாள்.

“பெரியண்ணே, ஒரு சட்ட சந்தேகம். நீங்க சத்தியம் செஞ்சது தமிழ்லதான?”

“பின்ன, லத்தீன்லயா?”

“அப்ப இங்கிலீஷ்ல பேசுனா அந்தச் சத்தியம் கட்டுமா?”

பெரியப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். இதைக் கேலி என்று தள்ளியிருக்கலாம். அவரோ கோர்ட்டிலேயே பழுத்தவர். வாசலுக்குப் போய் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, கண்ணை மூடி, யோசித்தார். “பத்திரத்துல எந்த எல்லை எழுதியிருக்கோ அந்த எல்லைக்குள்ளதான் பாத்தியதை. சூடத்துக்கு முன்னால சொன்னது தமிழ். இங்கிலீஷ் அந்தச் சொத்துல சேரல,” என்று தீர்ப்புச் சொன்னார். எதிர்ச்சுவர்ப் பக்கம் அப்பா பழத்தைத் துடைத்துக்கொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். அவர் கன்றுக்குட்டி இருந்த திசையைப் பார்த்து, “பாயிண்டு சரியாத்தான் இருக்கு,” என்றார்.

அன்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“மை டியர் பிரதர்.”

அப்பா எழுந்து நின்றுவிட்டார். வேட்டியைச் சரிசெய்தார். “எஸ் பிரதர். கம் பிரதர். ஸிட் பிரதர்.” கடையில் வெள்ளைக்காரர்கள் வந்தால் அழைக்கிற அதே ராகம்.

“வீ மஸ்ட் பிரேக் தி ஐஸ்.”

“வெரி குட். பிரேக், பிரேக்.”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பெரியம்மா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. விளக்கு ஏற்றுகிற நேரம் ஆவதற்கு முன்பே விளக்கை ஏற்றினாள். தை மாதத்திலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அன்று இரண்டு அடுப்பிலும் சேர்த்துக் கேசரி கிண்டினார்கள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போயிற்று. அத்தை தன் பங்கைச் சாப்பிடாமல் என் வாயில் ஊட்டிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த நாளிலிருந்து இன்ஸ்டிட்யூட்டிலிருந்து அவள் எப்போது வருவாள் என்று இரண்டு பேரும் காத்திருக்க ஆரம்பித்தார்கள். “இன்னைக்குப் போர்டுல என்னம்மா?” என்று பெரியப்பா தெருமுனைக்கே போய்க் கேட்பார். அப்பா அதற்கும் முந்திக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். புதுத் தொடர் யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவருக்கு அன்றைய பேச்சில் கை ஓங்கியிருக்கும்.

“பிரதர், அபௌட் அவர் ஸிஸ்டர். லெட் அஸ் லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்.” ஒரு கல்லையும் புரட்டாமல் விடக்கூடாது என்று அர்த்தம்.

“ஸர்ட்டன்லி. பட் வீ மஸ்ட் மீட் ஹாஃப் வே.” ஆளுக்குப் பாதித் தூரம் வந்து சந்திக்க வேண்டுமாம்.

“யூ கம் ஃபர்ஸ்ட்.”

“நோ நோ, எல்டர் ஃபர்ஸ்ட்.”

“தென், லெட் மீ ஸ்லீப் ஆன் இட்.” இதற்கு, ஒரு இரவு கழித்து யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். பெரியப்பாவுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்துப் போயிற்று. சொல்லிவிட்டு அங்கேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். குறட்டை வந்துவிடும்.

அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொல்வார்: “இன்னைக்கு என்ன போடு போட்டேன் பாத்தியா? ஹிட் தி நெயில் ஆன் தி ஹெட்! அண்ணன் அப்படியே அசந்துட்டாரு.” ஆணியை நேராகத் தலையில் அடித்தது போல் விஷயத்தைப் பிடித்துவிட்டேன் என்று. அம்மா கேட்டாள், “சரி, ஆணியை எதுல அடிச்சீக?”

முன்வீட்டில் தங்க வந்தவர்கள் கதவோரம் வந்து நின்று கேட்டுவிட்டு, படித்த குடும்பம் என்று மெச்சிக்கொண்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. வீடே கலகலவென்று ஆகிவிட்டது. கிணற்றுக் கயிறும் கன்றுக்குட்டியும் நிம்மதியாக இருந்தன. ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது.

ஆனி தேய்ந்துகொண்டே வந்தது. அத்தை துணிகளை மடிப்பாள், பிரிப்பாள், திரும்ப மடிப்பாள். மத்தியானம் என் முதுகில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் பாதி வரியில் நின்றுவிடும். நான் தள்ளுக்காகக் காத்திருப்பேன். வராது. திரும்பிப் பார்த்தால் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “என்ன அடிச்சீக அத்தை?” என்று கேட்டால், “ஒண்ணும் அடிக்கலட்டி,” என்பாள்.

இப்போது நினைத்தால் எனக்கு அந்த இரண்டு ஆண்பிள்ளைகள் மேலும் பாவமாக இருக்கிறது. அவர்களிடம் இருந்த இங்கிலீஷ் எவ்வளவு? அப்பாவிடம் பழக்கடை இங்கிலீஷ். பெரியப்பாவிடம் பிராது எழுதுகிற இங்கிலீஷ். இடையில் அத்தை கொண்டுவந்து கொடுத்த தொடர்கள். பிரச்சினையைத் தீர்க்கப் போகிறோம், தீர்க்கலாம், தீர்ப்போம் என்று சொல்வதற்கு அதில் வகை வகையாக வார்த்தை இருந்தது. அன்றைக்குப் பந்தியில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே என்று அப்பா சொல்ல வேண்டியிருந்தது. தப்பு உன்மேல மட்டும் இல்லலே என்று பெரியப்பா சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஏற்ற வார்த்தை அந்தக் கரும்பலகையில் வரவே இல்லை. வந்திருந்தாலும் வாய் வந்திருக்காது. சொல்ல வேண்டியதைத் தமிழில்தான் சொல்ல முடியும். தமிழுக்குத்தான் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் அப்போது யாரும் கவனிக்கவில்லை. அந்தப் புளியங்குடி மாப்பிள்ளை போனதில் அத்தை மனம் உடைந்துவிட்டாள் என்றே வீடு முழுக்க நம்பியது. அதனால்தான் அவளிடம் எல்லாரும் மெதுவாகப் பேசுவார்கள். அப்பா கடையிலிருந்து நல்ல பழமாக எடுத்து அவளுக்கென்று கொண்டுவருவார். பெரியப்பா அவள் எதிரில் கல்யாணம் என்ற வார்த்தையையே எடுக்கமாட்டார். பல வருஷம் கழித்து நானே அவளிடம் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பு! “அவுக எந்திச்சிப் போனப்ப எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சுட்டி. சின்னண்ணன் கேட்டதைத்தான் நானும் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டு நின்னேன்.” ஏன் சொல்லவில்லை என்றேன். “யாரு எங்கிட்டக் கேட்டாக? எனக்காகச் சண்டை போடுதாக, எனக்காகச் சூடம் அடிக்காக. எங்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கல.”

அப்படியாக, ஆனி கடைசிக்கு முந்தின நாள் வந்தது.

அன்று மலையில் நல்ல மழை. பேரருவியில் தண்ணீர் மிஞ்சிவிட்டதென்று குளிக்க விடவில்லை. அருவிச் சத்தம் வீட்டுக்குள் நின்றாலும் காதை அடைத்தது. கடைக்கு ஆள் வரமாட்டார்கள் என்று அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். கோர்ட் முடிந்து பெரியப்பாவும் வந்துவிட்டார். சாயங்காலம் அவரவர் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். ஒருவர் லெட் அஸ் என்றார், மற்றவர் வீ மஸ்ட் என்றார். ஆணி வந்தது, கல் வந்தது, பாதி வழி வந்தது. பெரியப்பா கடைசியாக, “ஓகே, டுநைட் ஐ வில் ஸ்லீப் ஆன் இட்,” என்று துண்டை எடுத்தார்.

அப்போதுதான் அத்தை குடையோடு உள்ளே வந்து, நான் முதலில் சொன்னேனே, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அடுப்படி நிலையில் அம்மாவும் பெரியம்மாவும் தோளோடு தோள் நின்றார்கள். இரண்டு அண்ணன்மாரும் தரையைப் பார்த்தார்கள். இங்கிலீஷ் தீர்ந்து போயிருந்தது. அப்பா தொழுவத்துப் பக்கம் திரும்பப் போனார், அவராகவே நிறுத்திக்கொண்டார்.

அத்தை குடையை மூலையில் சாய்த்தாள். தாவணியை இழுத்து இடுப்பில் செருகினாள். அறையின் நடுவுக்கு வந்தாள். இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிக் கும்பிட்டாள்.

ஊருக்குப் போகிறவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடுவதும், அவர்கள் நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவதும் நம் வீடுகளில் உள்ளதுதான். ஆனால் அத்தை விழுந்தது யார் காலிலும் இல்லை. அவள் கைக்கு எதிரில் இருந்தது ஆளில்லாத வெறுந்தரை. கும்பிட்டுக் கிடக்கிறவளுக்கு முன்னால் யாராவது வந்து நின்றாக வேண்டும். ஒருவர் மட்டும் வந்து நின்றால், அடுத்தவர் அவளுக்கு அண்ணன் இல்லை என்று ஆகிவிடும்.



பெரியப்பா எழுந்தார். அதே நேரம் அப்பாவும் எழுந்தார். இரண்டு பேரும் அத்தையின் கைக்கு எதிரில் பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றார்கள். தோள் இடித்தது. நகர இடமில்லை.

“ஏலே, திருநீறு எங்கலே?” என்றார் பெரியப்பா.

தமிழ்.

“அங்கனதாம்ணே. அவ காலுக்கு அந்தப் பக்கம், மாடத்துல,” என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. “சூடம் அடிச்சிருக்கோமேண்ணே...”

“பேசாம இருலே. தரையெல்லாம் ஈரம். மொதல்ல புள்ளையை எழுப்பணும்.”

“காலையில செங்கோட்டைக்கு நானும் வாறேன்.”

“வராம? பொட்டியை நானா தூக்குவேன்?”

பெரியப்பா திருநீறு எடுக்க நடந்தார். பாதியில் நின்றுவிட்டார். மாடத்தை எட்டுவதற்கு, குறுக்கே நீண்டு கிடந்த அத்தையின் காலைத் தாண்ட வேண்டியிருந்தது. கும்பிட்டுக் கிடக்கிற பிள்ளையைத் தாண்டலாமா? இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அண்டா.

அத்தை தலையைத் தூக்கவில்லை. கும்பிட்ட கையையும் பிரிக்கவில்லை. தரையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தபடியே, அண்ணன் நடந்து போக வழிவிட்டு, முழங்காலை மடக்கிக் காலை மட்டும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.